பிரெஞ்சுக் கூட்டுப் பெயர்களை எந்த இடத்தில் பிரித்து உச்சரிப்பது?

நடுவே சிறுகோடு (ஹைஃபன்) போட்ட இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வரி ஓரத்தில் இடம் போதாவிட்டால் சொல்லை அந்தக் கோட்டில் உடைத்து எழுதலாம். வாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வானவில்லுக்கான சொல்லைப் பாருங்கள். ஆர்க், ஆன், சியெல் என்று கோடு போட்டு மூன்று துண்டாக எழுதுவார்கள். சொல்லும்போது ஆர்·கான்·சியெல். (அந்த ‘ன்’ மூக்கொலி மட்டும்தான், நாக்கு மேலே படக்கூடாது.) முதல் துண்டின் ‘க்’ அடுத்த உயிர்மேல் ஏறிவிடுகிறது. பால் + ஆறு நம் வாயில் பா·லா·று ஆகிறதே, அதே வேலைதான். பிரெஞ்சு அசை கூடியவரை உயிரில் முடியத்தான் பார்க்கும்.

தொல்லை தருவது முதல் சொல்லின் கடைசி மெய். பானைக்கு ‘போ’ என்பார்கள். எழுத்தில் உள்ள ‘த்’ ஒலிக்காது. ஆனால் இறைச்சியும் காய்களும் போட்டு மெதுவாக வேகவைக்கும் பண்டத்தின் பெயரில் அது உயிர்பெற்று வரும்: பொ·தோ·ஃபெ. பன்றி இறைச்சி தனியே ‘போர்’, முள்ளம்பன்றியோ போர்·கெ·பிக். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ‘ஷெஃப்’ என்ற சொல்லின் ‘ஃப்’, தலைசிறந்த படைப்பைக் குறிக்கும் ஷெ·தெவ்ர் என்ற கூட்டுச்சொல்லில் காணாமல் போய்விடும். காற்றாடிக்கு ஸெர்·வொ·லான். எழுத்தில் நடுவே ‘ஃப்’ உண்டு, ஒலியில் இல்லை. இவற்றை விதி வைத்து ஊகிப்பதில் பயனில்லை. கூட்டுச்சொல்லை ஒரே சொல்லாக நினைத்து, பெத்தி ரொபேர் போல ஒலிக்குறி தரும் அகராதியில் பார்த்துக்கொள்வதே மேல்.

பன்மையில் ஒரு வேடிக்கை. வானவில்கள் என்று எழுத முதல் துண்டோடு ‘ஸ்’ சேர்ப்பார்கள், ஆனால் உச்சரிப்பு துளியும் மாறாது. கோடே இல்லாமல் ஒட்டி எழுதும் ‘பொ·நொம்’ (ஆசாமி) பன்மையில் ‘போன்·ஸொம்’ ஆகிவிடும். அங்கே ‘ஸ்’ இஸட் போல ஒலிக்கும். பிரிந்து நிற்கும் சொல் அசையாமல் இருக்க, ஒட்டி நிற்கும் சொல்தான் உள்ளே மாறுகிறது!

கடைசியாக, நடுவில் வரும் மங்கலான ‘எ’. சாவி வளையம் போர்·தெ·க்ளே, மூன்று அசை. கோட் மாட்டும் ஸ்டாண்ட் பெரும்பாலும் போர்த்·மான்·தோ; அதில் ‘எ’ விழுந்துவிடும். பின்னால் வருவது ஓரசைச் சொல் என்றால் ‘எ’ தங்கும், நீண்ட சொல் என்றால் நழுவும். இதெல்லாம் பாரிஸ் பக்கத்துப் பேச்சு. மர்சேய் போன்ற தெற்கத்தி ஊர்களில் எல்லா ‘எ’யையும் சாவகாசமாகச் சொல்வார்கள்.