சீட்டைத் தூக்கிப் பாருங்கள், தம்பி

தேவகோட்டையிலிருந்து ஜார்ஜியா மாநிலம் பீச்ட்ரீ சிட்டிக்குக் குடிவந்திருக்கிறீர்கள். தெருவில் வீட்டுக்கு வீடு காருக்குப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் கார்ட் (கோல்ஃப் மைதானத்தில் ஓட்டும் சின்ன வண்டி) நிற்கிறது, நாமும் பழசு ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணில் பட்டிருப்பது கிளப் கார் என்ற கம்பெனியின் 2012 மாடல், மின்சார வண்டி. புதுப் பெயின்ட், புது சீட், புதுசாகப் போட்ட பெரிய சக்கரம், 4,500 டாலர். அடுத்த கோடையில் அப்பச்சியும் ஆத்தாவும் வந்தால் கூட்டிப்போக உதவும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாக வாங்கலாம். அந்த ஊரில் இந்த வண்டிகள் போவதற்கென்றே நூறு மைலுக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள். கடை, பள்ளிக்கூடம், ஏரிக்கரை எல்லாவற்றுக்கும் காரை எடுக்காமலே போய் வரலாம். ஆனால் விற்கிறவர் சொன்ன அந்த மூன்று 'புது'வும்தான் எனக்கு உறுத்துகிறது.

கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் வண்டிகளை லீசுக்கு எடுக்கும். சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். அவற்றை வியாபாரிகள் வாங்கிச் செப்பனிட்டு விற்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல வண்டிகளும் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஆனால் பெயின்டும் சீட்டும் சக்கரமும் மாற்றுவது சுலபம், கண்ணுக்கும் முதலில் படுவது அவைதான். காரைக்குடி பழைய சாமான் கடையில் தேக்குத் தூண் வாங்குகிறவர் வார்னிஷைப் பார்க்க மாட்டார், தூணைச் சாய்த்து அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்ப்பார். இந்த வண்டிக்கு அடிப்பக்கம் என்பது சீட்டுக்குக் கீழே இருக்கிறது.

சீட்டைத் தூக்குங்கள். 48 வோல்ட் வண்டி என்றால் 8 வோல்ட் பேட்டரி ஆறோ, 12 வோல்ட் பேட்டரி நான்கோ இருக்கும். 36 வோல்ட் பழைய வண்டியில் 6 வோல்ட் ஆறு. பெரும்பாலும் எல்லாம் நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் போல ஈய-அமிலம்தான். நன்றாகப் பராமரித்தால் ஐந்தாறு வருஷம் வரும், தண்ணீர் ஊற்றாமல் விட்டால் இரண்டு வருஷத்திலேயே படுத்துவிடும். செட்டாக மாற்ற ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் ஆகும். மின்சார வண்டி வாங்குகிறவர் உண்மையில் பேட்டரியைத்தான் வாங்குகிறார்.

அதன் வயதை விற்பவரிடம் கேட்க வேண்டாம், பேட்டரியே சொல்லும். டெர்மினலிலோ மேல்மூடியிலோ ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் குத்தியிருக்கும். பெரும்பாலான கம்பெனிகளில் எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படி எல் வரை. எண் வருஷத்தின் கடைசி இலக்கம். ஆறிலும் ஒரே குறி இருக்க வேண்டும். ஐந்து பழசு, ஒன்று மட்டும் புதுசு என்றால் செத்த பேட்டரிக்குப் பதில் ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள். மற்ற ஐந்தும் பின்னாலேயே வரிசையில் நிற்கும்.

அப்புறம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகள் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் கவனிக்காத வண்டி. டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கையால் தொடாதீர்கள், அமிலம்.

இப்போது ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடியில் இருக்கிறேன். போன வாரம் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்க வந்த பையன், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லாக விட்டு உறிஞ்சி, மிதவை நிற்கும் கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "கிராவிட்டி இதுல மட்டும் இறங்கியிருக்குண்ணே" என்றான். அதே வேலைதான் அங்கேயும். முழு சார்ஜில் 1265-க்கு மேல் காட்ட வேண்டும். செல்லுக்குச் செல் ஐம்பது புள்ளி வித்தியாசம் வந்தால் அந்த பேட்டரியை மறந்துவிடலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் இங்கே காரைக்குடியில் திறந்த சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இந்த மின்வேதியியலைத்தானே ஆராய்கிறார்கள். அதற்குப் பக்கத்து ஊர்க்காரர் பேட்டரியில் ஏமாறக் கூடாது!

கையில் ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆன பிறகு 48 வோல்ட் செட் கிட்டத்தட்ட 51 காட்டினால் முழு சார்ஜ், 48.5 என்றால் பாதிதான். ஆனால் சும்மா நிற்கும்போது எல்லா பேட்டரியும் யோக்கியன்தான். அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஏற்றத்திலும் ஏற்றுங்கள். திரும்பி வந்து ஒவ்வொன்றாக அளந்தால் நோஞ்சான் தனியே இறங்கித் தெரியும். "தெருக்கோடி வரை ஓட்டினால் போதுமே" என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

2012 என்பதையும் நம்ப வேண்டாம். கிளப் காரின் சீரியல் எண்ணில் முதலில் எழுத்துகள், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், அதற்கடுத்த இரண்டு வாரம். 12 இருக்க வேண்டிய இடத்தில் 08 இருந்தால் விலை பேச உங்களுக்கு நல்ல பிடி. சீரியல் தகடே இல்லை, சுரண்டியிருக்கிறது என்றால் திருட்டு வண்டியாக இருக்கலாம், பேசாமல் வந்துவிடுங்கள். இந்த வண்டியை நகராட்சியில் பதிவு செய்தாக வேண்டும். யார் யார் ஓட்டலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியின் அடிச்சட்டம் (ஃபிரேம்) கிளப் காரில் அலுமினியம், துருப்பிடிக்காது. இ-இசட்-கோ, யமஹா வண்டிகளில் எஃகு. எதுவானாலும் பேட்டரித் தட்டைக் கீழிருந்து குனிந்து பாருங்கள், அமிலம் வழிந்தால் அலுமினியத்தையும் அரித்துவிடும். பெரும்பாலான வண்டிகளுக்குப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான், அதனால் சரிவில் நிறுத்திப் பார்ப்பது முக்கியம். முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது.

பெட்ரோல் வண்டியா என்றும் கேட்டிருந்தீர்கள். தூரம் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது, ஆனால் சத்தம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வேண்டாம். கடைக்கும் ஏரிக்கும் போக மின்சாரம்தான் என் ஓட்டு.

சார்ஜர் விலையோடு சேர்ந்ததா என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னே சொருகி, ஓடுகிறதா என்று பாருங்கள். பேட்டரி நான்கு வருஷம் தாண்டியிருந்தால் ஆயிரம் டாலரைக் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள். சீரியல் எண்ணையும் ஆறு பேட்டரியின் குறியையும் படமெடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே காலை ஆறரை, நான் எழுந்திருப்பேன்.