மேஜர் லேசர், ரெகே, டிராப்: கேட்டதும் சொன்னதும்

போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. மேஜர் லேசர், அதைச் சுற்றியுள்ள ரெகே போன்ற ஜமைக்கா இசை, இவ்வளவுதான் என் எல்லை. கல்யாண ரிசப்ஷன் முதல் கிளப் வரை பாட்டுப் போட்டுப் பிழைத்தவன் நான், பேராசிரியர் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: இங்கே சொல்லும் எந்தப் பாட்டையும் செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசைக்கு உயிரே பேஸ் என்ற தாழ்ந்த, கனத்த சத்தம்தான். அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அது வரவே வராது.

புதுசு: மேஜர் லேசர் ஒரு ஆளா, பேண்டா அண்ணா?

பேண்டுதான். ஆனால் கிதாரும் டிரம்ஸும் இருக்கும் என்று போய் நிற்காதீர்கள். டிஜே மேஜை, மைக், ஆட்டக்காரர்கள், அவ்வளவுதான். 2008-ல் அமெரிக்காவின் டிப்ளோவும் இங்கிலாந்தின் ஸ்விட்சும் ஆரம்பித்தது. 'மேஜர் லேசர்' என்பது அவர்கள் உருவாக்கிய கார்ட்டூன் ஆள்: 1984-ல் நடந்த ரகசிய ஜாம்பிப் போரில் கையை இழந்த ஜமைக்கா கமாண்டோ, போன கைக்குப் பதில் லேசர் துப்பாக்கி. முதல் ஆல்பம் 2009-ல் வந்தது. ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் பாப் மார்லி ஆரம்பித்த டஃப் காங் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். 2011-ல் ஸ்விட்ச் விலக, வால்ஷி ஃபயரும் ஜில்லியனேரும் வந்தார்கள். 2019-ல் ஜில்லியனேர் போய் ஏப் டிரம்ஸ் வந்தார்.

கடலோரம்: 'லீன் ஆன்' பாடியது யார்?

டென்மார்க் பாடகி மூ. பிரெஞ்சுக்காரர் டிஜே ஸ்னேக்கும் அதில் கூட்டு. அவர் இந்தக் குழுவில் உறுப்பினர் இல்லை. வீடியோ எடுத்தது இந்தியாவில்.

தவில் வீட்டுப் பையன்: ரெகே தாளமும் இவர்கள் தாளமும் ஒன்றா? எனக்கு வேறு வேறாகத்தான் கேட்கிறது.

காது சரியாக இருக்கிறது தம்பி. இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பழைய ரெகேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு அடி உண்டு. நாலு எண்ணிக்கை போடுங்கள். ஒன்றில் டிரம் பேசாது. மூன்றில் பெரிய டிரம்மும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மும் சேர்ந்து விழும். நம் பாஷையில் சொன்னால் சமத்தை, அதாவது முதலடியை, காலியாக விட்டுவிடுகிறார்கள். கிளப்பில் போடும் ஹவுஸ் இசை இதற்கு நேர் எதிரி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நாலிலும் டிரம் குத்தும். ஒருவன் முதலடியை விழுங்குகிறான், இன்னொருவன் அதை விடவே மாட்டேன் என்கிறான். இரண்டையும் அப்படியே கலந்தால் ஒட்டாது. அதனால்தான் மேஜர் லேசர் பெரும்பாலும் ஒன் டிராப் பக்கம் போகாமல், ரெகேயின் பிள்ளையான டான்ஸ்ஹாலைப் பிடித்துக்கொண்டது.

டான்ஸ்ஹாலில் எட்டு எண்ணிக்கையை 3, 3, 2 என்று உடைக்கிற அடி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு எளிது: தகிட தகிட தக. ஒவ்வொரு 'த'விலும் கை தட்டுங்கள். இப்போது இரண்டாவது, மூன்றாவது தட்டுகளை ஸ்நேருக்குக் கொடுங்கள். கீழே காலால் ஒன்றிலும் ஐந்திலும் சீராக மிதியுங்கள். கால் ஹவுஸ், கை ஜமைக்கா. இதற்கு 'டெம்போ' என்று பெயர், 1990-ல் ஷாபா ரேங்க்ஸ் பாடிய பாட்டிலிருந்து வந்தது. வேகத்தைக் குறிக்கும் டெம்போவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்பானிஷில் பாடும் ரெகேடான் இசை முழுக்க இதன்மேல்தான் ஓடுகிறது. 'லீன் ஆன்' இந்தக் குடும்பத்துக்கு ஒட்டின உறவு, நிமிடத்துக்குச் சுமார் 98 அடி. அது முதலில் இன்னும் மெதுவான, ரெகே சாயலுள்ள பாட்டாகத்தான் இருந்தது. ரிஹானா தரப்புக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மழைக்காலம்: பீபர் குரலில் டால்பின் மாதிரி ஒரு சத்தம் வருமே, அது எந்த மேஜர் லேசர் பாட்டு?

அது ஜாக் யூ. டிப்ளோவும் ஸ்க்ரிலெக்ஸும் சேர்ந்த வேறு கூட்டணி. சத்தம் பீபர் குரலையே திருகி எடுத்தது.

யாழ்: எம்.ஐ.ஏ-வுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு?

அவர் இல்லையென்றால் இந்தக் குழுவே இருந்திருக்குமா என்பது சந்தேகம். எம்.ஐ.ஏ என்ற பெயரில் பாடும் மாயா அருட்பிரகாசம், லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, 1986-ல் மறுபடி லண்டன் போனவர். டிப்ளோ, ஸ்விட்ச் இருவருமே அவரோடு வேலை செய்தவர்கள். அந்த வழியில்தான் இருவரும் சேர்ந்தார்கள். 2007-ல் வந்த 'கலா' ஆல்பத்தில் 'பாய்ஸ்' என்ற பாட்டைத் தேடிக் கேளுங்கள். உறுமி சென்னையில் பதிவானது, வீடியோ கிங்ஸ்டனில் எடுத்தது. நம் உறுமியின் இழுப்பும் டான்ஸ்ஹால் ஆட்டமும் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. மேஜர் லேசர் முதல் ஆல்பத்துக்கு இரண்டு வருடம் முந்தியது. ஹெட்போனில் கேளுங்கள். போனில் உறுமி கொசு மாதிரி கேட்கும்.

பழைய கேசட்: சுற்றி வளைக்காதீர்கள். ஏழை நாட்டு இசையைப் பணக்கார நாட்டுக்காரர் எடுத்து லேபிள் ஒட்டி விற்கிறார். இதற்குப் பெயர் கலவையா, திருட்டா?

வந்துவிட்டீர்களா. சரி, உட்காருங்கள்.

முதலில் யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்று பார்ப்போம். கிங்ஸ்டனில் கிங் டப்பி என்று ஒருவர், ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்தவர். 1970-களின் ஆரம்பத்தில், பதிவான பாட்டிலிருந்து குரலைக் கழற்றி, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் விட்டு, எக்கோவைத் திறந்து மூடி 'டப்' செய்தார். மிக்ஸர்தான் அவர் வாசித்த வாத்தியம். இன்றைக்கு ரீமிக்ஸ் என்கிறீர்களே, அதன் முக்கியமான வேர் இங்கே இருக்கிறது. கிளப் பாட்டில் 'டிராப்' என்கிறார்களே, சத்தம் எல்லாம் அடங்கி மறுபடி பேஸ் விழுகிற இடம், அந்த வித்தையை டப்பி அப்போதே காட்டியாயிற்று. ஆக எலக்ட்ரானிக் டான்ஸ் இசை ரெகேயைச் சந்தித்தது என்பதே பாதிக் கதை. அப்பன் வீட்டுக்குப் பிள்ளை திரும்பி வந்த மாதிரிதான்.

பழைய கேசட்: அப்பன் வீட்டுக்கு வந்த பிள்ளை காசு கொடுத்ததா?

நியாயமான கேள்வி. முதல் ஆல்பத்தில் வைப்ஸ் கார்டெல், மிஸ்டர் லெக்ஸ் என்று பாடியவர்கள் பெயர் போட்டே வந்தார்கள். 'பான் டி ஃப்ளோர்' பாட்டின் இசையை 2011-ல் பியான்ஸே எடுத்துக்கொண்டபோது கார்டெல் பெயர் எழுதியவர்கள் வரிசையில் வந்தது. ஆனால் உலகம் டிப்ளோ முகத்தைத்தானே நினைவு வைத்திருக்கிறது? அங்கே உங்கள் கோபம் சரி. இன்னொரு பக்கம், ஜமைக்காவிலேயே ஒரு ரிதிம்மேல், அதாவது ஒரே பின்னணி இசைமேல், நூறு பேர் பாடுவது வழக்கம். ஸ்டீலி, கிளீவி என்ற இரட்டையரின் 1989 ரிதிம்தான் ரெகேடானுக்கு அடித்தளம் என்று சொல்லி, 2021-ல் அவர்கள் தரப்பு அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒரு தாள அடி யாருக்குச் சொந்தம்? தகிட தகிட தகவுக்கு யாரிடம் பட்டா இருக்கிறது?

பழைய கேசட்: மழுப்பல்.

இருக்கட்டும். மேலே போவோம்.

நடுச்சாமம்: 'லீன் ஆன்' பாடியது யார்?

இரண்டாவது கேள்வி.

குமிழி: பேண்டில் ஜமைக்காக்காரர் யாராவது உண்டா?

வால்ஷி ஃபயர் ஜமைக்காப் பின்னணி உள்ளவர், மயாமியின் பிளாக் சைனி சவுண்ட் சிஸ்டத்திலிருந்து (பெரிய ஸ்பீக்கர்களோடு பாட்டுப் போடும் குழு) வந்தவர். டிப்ளோ மிஸிசிப்பியில் பிறந்தவர்.

ரயிலடி: இவர்களுக்கு முன்னால் யாரும் செய்யவில்லையா?

லண்டனின் டிரெட்ஸோன், 1993-லிருந்து. 'செகண்ட் லைட்' ஆல்பத்தை வாங்கிக் கேளுங்கள். எனக்கு மேஜர் லேசரைவிட அதுதான் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.

மழைக்காலம்: ஸ்கின்ட்ரெட் பற்றி?

அது மெட்டல். என் துறை இல்லை.

தெருமுனை: மிக்ஸிங் சாஃப்ட்வேர் ஓசியில் கிடைக்குமா ப்ரோ?

வேறு கடை பாருங்கள்.

கடலோரம்: கியூபாவில் பாடினார்களாமே?

2016 மார்ச் 6, ஹவானா. லட்சக்கணக்கில் இலவசக் கூட்டம். ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கே போனது அதற்கப்புறம்தான்.

புதுசு: போனில்தான் கேட்டேன் அண்ணா, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

முதல் பத்தியைப் படித்தீர்களா? அனுபவித்தவன் சொல்கிறேன். ஒரு ரிசப்ஷனில் சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) வராமல் போக, சாதாரண ஸ்பீக்கரிலேயே 'பான் டி ஃப்ளோர்' போட்டேன். மேடைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. பேஸை ஏற்றினேன். இரண்டாவது நிமிடம் ஸ்பீக்கர் கோன் கிழிந்து, அப்பளம் நொறுங்குகிற சத்தம். வாடகைப் பணத்தோடு கோன் காசும் என் கையிலிருந்து போயிற்று.

பழைய கேசட்: கடைசியாக ஒன்று. டப் சரி. கம்ப்யூட்டர் ரெகே என்பதை வெளிநாட்டுக்காரன்தானே கொண்டுவந்தான்?

இல்லை. இதில் உங்கள் கட்சிதான் ஜெயிக்கிறது, தெரியாமல் எதிரணியில் நிற்கிறீர்கள். 1985, கிங்ஸ்டன், கிங் ஜாமி ஸ்டூடியோ. நோயல் டேவி கொண்டுவந்த கேசியோ எம்டி-40 கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த 'ராக்' தாளத்தை வேகம் குறைத்து, வெய்ன் ஸ்மித் 'ஸ்லெங் டெங்' பாடினார். பேஸ் கிதாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. அந்த பிப்ரவரியில் ஒரு சவுண்ட் கிளாஷில், அதாவது சவுண்ட் சிஸ்டங்கள் மோதும் போட்டியில், அதைப் போட்டதும் தெரு மாறிவிட்டது. அதன் பிறகு ஜமைக்காவில் எல்லோரும் மெஷினுக்குத் தாவினார்கள். அந்தத் தாளத்தை கேசியோவுக்குள் வைத்தவர் ஹிரோகோ ஒகுடா, ஜப்பானியப் பெண், ரெகே பற்றிக் கல்லூரியில் ஆய்வு எழுதிவிட்டு வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது சொல்லுங்கள், யார் யாரிடம் திருடினார்கள்?

பழைய கேசட்: அந்த கேசியோ இப்போது கிடைக்குமா?

பழைய சாமான் விற்கிற இடங்களில் தேடுங்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள், உப்புப் பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கினால் தாளத்தை 'ராக்'கில் வைத்து, சிங்க்ரோ பொத்தானை அழுத்தி, பேஸ் பொத்தான்களில் 'டி'யைத் தட்டுங்கள். பெரிய ஸ்பீக்கரில் இணைத்து.