அழித்த தரவு ஏன் போகவில்லை? கசாண்ட்ரா கேள்வி பதில்

கல்லடியிலிருந்து: அண்ணா, கசாண்ட்ராவில் பழைய ஓர்டர்களை எல்லாம் டிலீட் செய்தோம். டிஸ்க்கில் இடம் கூடவே இல்லையே?

தம்பி, கசாண்ட்ரா ஒரே தரவைப் பல கணினிகளில், அதாவது நோட்களில், பிரதி வைக்கும் தரவுத்தளம். அதில் டிலீட்டும் எழுத்துதான். "இது போய்விட்டது" என்று புதிதாக அடையாளம் எழுதிவைக்கும். அதுதான் டூம்ஸ்டோன். இருக்கிற இடமும் முதலில் குறையத்தான் செய்யும். ஜிசி கிரேஸ் என்ற கெடு, மாற்றாவிட்டால் 864000 செக்கன், அதாவது 10 நாள். அது கழிந்தபின், கோப்புகளைச் சேர்த்துத் திருப்பி எழுதும் கம்பாக்ஷன் வரும்போதுதான் அடையாளம் போகும்.

கல்முனையிலிருந்து: அந்தக் கெடுவை 0 ஆக்கினால் உடனே காலியாகாதா?

உடனே இல்லை தங்கச்சி, அடுத்து வரும் கம்பாக்ஷனில் போகலாம். ஆனால் கை வைக்காதீர்கள். டூம்ஸ்டோன் மரண அறிவித்தல் மாதிரி. வெளியூர்ச் சொந்தக்காரர் பார்க்குமுன் கிழித்துவிட்டால், அவர் வந்து "மாமா நல்லாத்தானே இருந்தார்" என்பார். நானே பட்டவன். கெடுவை 1 மணித்தியாலமாக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு முழுக்க ஒரு நோட் விழுந்து கிடந்தது. விழுந்த நோட்டுக்காக மற்றவை குறிப்பு எடுத்துவைப்பது வழமையாக 3 மணித்தியாலம் மட்டும். இரண்டு நாளில், ரத்துச் செய்த நெல் பில்கள் திரும்ப எழுந்து நின்றன. அம்பாறை மில்காரர் போனில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

10 நாளை அப்படியே விடுங்கள். கிழமைக்கொரு தடவை எல்லா நோட்டிலும், பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேர் ஓடட்டும். ஒரே நோட் என்றால் மட்டும் 0 வைக்கலாம், சேதி சொல்ல வேறு ஆள் இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து: சேர், 12 நாளாகிவிட்டது. ரிப்பேரும் முடிந்தது. இன்னும் போகவில்லை.

அடையாளம் ஒரு கோப்பில், அது மறைக்கும் பழைய தரவு இன்னொரு கோப்பில். இரண்டும் ஒரே கம்பாக்ஷனில் சேராதவரை அடையாளம் போகாது. வழமையான சைஸ்-டயர்ட் முறை ஒத்த அளவுக் கோப்புகளைத்தான் சேர்க்கும்; அதில் பெரிய கோப்பு தன் அளவில் இன்னும் மூன்று வரும்வரை காத்துக் கிடக்கும். கசாண்ட்ரா 3.10 பதிப்பு முதல், நோட்டூல் என்ற நிர்வாகக் கருவியில் கார்பேஜ்கலெக்ட் கட்டளை இருக்கிறது, அதை ஓடவிடுங்கள். டிஸ்க்கில் வெற்றிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கோப்புகளைத் திருப்பி எழுதும். எல்லாவற்றையும் ஒன்றாக்கும் மேஜர் கம்பாக்ஷன் எனக்குப் பிடிக்காது. ஒரே பூதக் கோப்பு வரும், அதற்குச் சோடி சேர நெடுநாளாகும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: நாங்கள் டிலீட் செய்வதே இல்லை. ஆனாலும் லொக்கில் டூம்ஸ்டோன் எச்சரிக்கை?

வெறுமையான கட்டங்களுக்கு நல் (null, வெற்று மதிப்பு) அனுப்புகிறீர்களா? ஒவ்வொரு நல்லும் டூம்ஸ்டோன்தான். டிடிஎல், அதாவது தரவுக்கு வைத்த ஆயுட்காலம், முடிந்த தரவும் அப்படியே. ஒரு வாசிப்பில் டூம்ஸ்டோன் 1000 தாண்டினால் எச்சரிக்கை, 100000 தாண்டினால் அந்த வாசிப்பே தோற்கும். நல்லுக்குப் பதிலாக அந்தக் கட்டத்தை அனுப்பாமலே விடுங்கள்.