ராக் டிஜே: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, ராக் பாட்டு போட டிஜே எதற்கு? பிளேலிஸ்ட் போதாதா?

பதில்: போதாது தம்பி. லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு பப்பை ஒட்டிய கூடத்தில், 1970களின் பிற்பாதியில், நீல் கே என்ற டிஜே ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் போட்டுவந்தார். அந்த இடத்துக்கு சவுண்ட்ஹவுஸ் என்று பெயர். ரசிகர்கள் அட்டையில் கிதார் வெட்டிக்கொண்டு வந்து ஆடுவார்கள். அவர்கள் விரும்பிக் கேட்ட பாட்டுகளை வரிசைப்படுத்தி அவர் தந்த பட்டியலை 'சவுண்ட்ஸ்' பத்திரிகை அச்சிட்டது. 1978 கடைசியில் அயர்ன் மெய்டன் என்ற இசைக்குழு பதிவு செய்த டெமோ (மாதிரிப் பதிவு) அவர் கைக்கு வந்தது. அப்போது அவர்களுக்கு எந்த கம்பெனியோடும் ஒப்பந்தம் இல்லை. அதிலிருந்த 'பிரவுலர்' அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்துவிட்டது! மறு வருடம் நவம்பரில் அதே பதிவை 5,000 இசைத்தட்டுகளாக வெளியிட்டபோது 'சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' என்றுதான் பெயர் வைத்தார்கள். யாருக்கும் தெரியாத பாட்டைக் கூட்டத்தின் முன் துணிந்து போட ஒரு ஆள் வேண்டும். எனக்கு ராக் டிஜே என்றால் அதுதான்.

கேள்வி: பீட்மேட்சிங் (இரண்டு பாட்டுகளின் தாள வேகத்தை ஒன்றாக்கிக் கலப்பது) கற்றுக்கொள்கிறேன். ராக் பாட்டில் மட்டும் சரியாகவே வரவில்லை. என் தவறா?

பதில்: இல்லை. பழைய ராக் பதிவுகள் பலவற்றில் டிரம்மர் கிளிக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் கேட்கும் சீரான டிக்டிக்) இல்லாமல் வாசித்திருப்பார். கோரஸில் வேகம் கொஞ்சம் ஏறும், அப்புறம் இறங்கும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற டர்ன்டேபிளில் (தட்டைச் சுழற்றும் கருவி) வேகத்தை 8% வரை கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் பாட்டே நழுவிக்கொண்டிருந்தால் கை அதன் பின்னாலேயே ஓட வேண்டியதுதான். வேகத்தோடு சுருதியும் மாறும். டிஸ்கோவின் 12 அங்குலத் தட்டுகளில் தொடக்கத்திலும் முடிவிலும் தாளம் மட்டும் நீளமாக ஓடும், அங்கே கலக்கலாம். ராக் பாட்டில் பெரும்பாலும் அந்த இடமே கிடையாது. இரண்டு கிதார்கள் மோதினால் காது கூசும். அதனால் கலக்காதீர்கள், வெட்டுங்கள். கடைசி அடி விழுந்ததும் அடுத்த பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) பாய வேண்டும். இந்த ஒன்றை நூறு முறை பழகுங்கள்.

கேள்வி: பங்க் (வேகமான, முரட்டு ராக்) கிளப்பில் ரெகே (ஜமைக்கா இசை) போட்டார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1977 தொடக்கத்தில் லண்டன் ராக்ஸி கிளப்பில் டான் லெட்ஸ் டிஜே. அப்போது பங்க் தட்டுகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த அவர், தன்னிடம் இருந்த ரெகே தட்டுகளையும், ரெகேயிலிருந்து வந்த டப் தட்டுகளையும் போட்டார். பங்க் பையன்கள் லயித்துக் கேட்டார்கள். பட்டியலை நிரப்பத் தட்டு இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மனசுக்கு நெருக்கமானதைப் போடுங்கள்.

கேள்வி: சத்தம் கூட்டினால் டர்ன்டேபிள் ஊளையிடுகிறது.

பதில்: ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு ஏறுகிறது. கனமான கல் பலகை, அதன் கீழே ரப்பர் வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரையும் அந்த மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.