ஆயில் 108 டிகிரியா? வண்டியை ஓரங்கட்ட வேண்டாம்

நண்பரே, நெடுஞ்சாலையில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 90 டிகிரியில் நிற்க, இன்ஜின் ஆயில் மட்டும் 108 காட்டுகிறதே என்று பதறியிருக்கிறீர்கள். கூலன்டின் சூட்டைத் தெர்மோஸ்டாட் என்ற வால்வு கட்டுப்படுத்துகிறது. ஆயிலோ பிஸ்டனின் அடிப்புறத்திலும் பேரிங்குகளிலும் நேரடியாகச் சூடு வாங்குகிறது. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இருந்தால் கேட்கவே வேண்டாம். 90 முதல் 110 வரை அன்றாடக் கணக்குதான். ஏற்காடு ஏறும்போது 120 தொட்டாலும் கவலையில்லை. 130ஐத் தாண்டியும் இறங்காவிட்டால் நிறுத்தி, ஆயில் அளவைப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் சொன்னது: தினமும் அலுவலகத்துக்கு 3 கிலோமீட்டர், ஆயில் 60ஐத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் ஆயிலில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஈரம் தங்குகிறது என்று பொருள். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நீளமாக ஓட்டுங்கள்.