விசில் வாத்தியார் பதில்கள்: நாலு சட்டை, ஒரே கடப்பிதழ்

போன இதழில், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஒரே காற்பந்து அணியாக இறங்கியதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். இந்த வாரத் தபாலில் பெரும்பகுதி அதற்குத்தான். ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறேன். ஆள் பெயரும் போட்டால் செந்தூல் மாமாக் கடைப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

கெப்போங் வாசகர்: ஐயா, உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து தனி, ஸ்காட்லாந்து தனி. ஒலிம்பிக்கில் மட்டும் பிரிட்டன். இது ஒரு நாடா, நாலு நாடா?

கடப்பிதழ் ஒன்று, அணி நாலு. யார் முந்திக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். இங்கிலாந்துக்காரர்கள் 1863இல் சங்கம் அமைத்தார்கள். ஸ்காட்லாந்து 1873, வேல்ஸ் 1876, அயர்லாந்து (இப்போது அது வட அயர்லாந்தின் சங்கம்) 1880. உலகக் காற்பந்தை ஆளும் ஃபிஃபா பிறந்ததே 1904இல்தான். அது பந்தி விரிப்பதற்குள் இந்த நாலு பேரும் இலை போட்டு உட்கார்ந்தாயிற்று, அப்புறம் யார் எழுப்புவது? ஒலிம்பிக்கில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு நாட்டுக்கு ஒரே ஒலிம்பிக் குழு. அங்கே இருப்பது பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கம். ஸ்காட்லாந்து என்று தனியாகப் பெயர் கொடுக்க வழியே இல்லை.

பூச்சோங் வாசகர்: சேர்ந்து ஆடினால் என்ன குறைந்துவிடும்? ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஏன் இத்தனை வீம்பு?

வீம்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது பயமாகத்தான் படுகிறது, அதிலும் நியாயமான பயம். கொடியைவிட ஓட்டைப் பற்றிய பயம். நான் விசில் ஊதிய காலத்தில் வருஷா வருஷம் சட்டத் திருத்தம் வரும். எங்கிருந்து வருகிறது என்று பாதி நடுவர்களுக்குத் தெரியாது. 1886இல் அமைத்த சர்வதேசக் காற்பந்து சங்க வாரியம் என்று ஒன்று உண்டு. ஆஃப்சைடு முதல் விஏஆர் என்கிற காணொளி நடுவர் முறை வரை அங்கேதான் முடிவாகும். அதில் மொத்தம் 8 ஓட்டு. ஃபிஃபாவுக்கு 4. மீதி நாலு, இந்த நாலு சங்கத்துக்கும் ஆளுக்கு ஒன்று. ஒரு சட்டம் மாற 6 ஓட்டு வேண்டும். அதாவது இரண்டு ஃபுட்பால் மைதானம் அகலமில்லாத ஊர்களைக் கொண்ட வேல்ஸுக்கு இருக்கும் ஓட்டு பிரேசிலுக்குத் தனியாக இல்லை! மற்ற நாடுகளுக்கு இது கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

2008இல் அப்போதைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டரே இதை வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். ஒலிம்பிக்குக்கு ஒரே அணியாக வர முடியுமென்றால் நாலு சங்கம், நாலு ஓட்டு எதற்கு என்ற கேள்வி தானாக எழும், வேண்டுமானால் இங்கிலாந்து ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஆடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். உங்கள் தனி அந்தஸ்துக்கு ஒன்றும் ஆகாது என்று ஃபிஃபா வேறு சமயங்களில் உறுதியும் கொடுத்திருக்கிறது. ஒரே வாயிலிருந்து இரண்டும் வந்தால் எடின்பரோவில் இருப்பவன் எதை நம்புவான்? 2009இல் நாலு சங்கமும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன: இங்கிலாந்து மட்டும் ஆடட்டும், மற்ற மூவரும் கலந்துகொள்ள மாட்டோம், குறுக்கேயும் நிற்க மாட்டோம். 2011இல் பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கம் நாலு பக்கத்திலிருந்தும் ஆள் எடுப்போம் என்று அறிவித்ததும், மூன்று சங்கமும் நாங்கள் எப்போது ஒப்புக்கொண்டோம் என்று கொதித்தன.

கடைசியில் 18 பேர் கொண்ட ஆண்கள் அணியில் 13 பேர் இங்கிலாந்து, 5 பேர் வேல்ஸ். ஸ்காட்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் ஒருவர்கூட இல்லை. காலிறுதியில் கார்டிஃபில் தென் கொரியாவிடம் பெனால்டியில் கவிழ்ந்தார்கள். நம் ஆசியக்காரன் ஜெயித்தான் என்று அன்று ராத்திரி மாமாக் கடையில் ஒரே கூச்சல். மேன்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்டவர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள்.

கிள்ளான் வாசகி: அந்த அணியின் தலைவர் ரையன் கிக்ஸ் நாட்டுப்பண் பாடாமல் நின்றார். நம் ஊரில் நெகாராகூவுக்கு வாயைத் திறக்காவிட்டால் விடுவார்களா, சார்?

விடமாட்டார்கள் அம்மா. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அன்று ஒலித்த ராணிக்கான பாட்டு பிரிட்டன் முழுமைக்கும் உரியது. காற்பந்தில் அதையே இங்கிலாந்து தன் பாட்டாக வைத்திருக்கிறது. வேல்ஸுக்குத் தனிப் பாட்டு, ஸ்காட்லாந்துக்கும் தனிப் பாட்டு. அப்படியானால் வேல்ஸுக்கு ஆடிய கிக்ஸுக்கு அது எதிரணியின் பாட்டு. அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் அணியில் ஆடிய ஸ்காட்லாந்தின் கிம் லிட்டில், இஃபியோமா டீக்கே இருவரும்கூடப் பாடவில்லை. பத்திரிகைகள் அதையும் விடவில்லை. ஆனால் 38 வயதில் வெம்ப்ளியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்ட கிக்ஸை அந்தச் சட்டைக்குத் துரோகி என்று என்னால் சொல்ல முடியாது.

என் அப்பா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. நமக்கு எல்லாத் துரையும் வெள்ளைக்காரத் துரைதான். அந்தத் தோட்டத்துத் துரையோ ஸ்காட்லாந்துக்காரர். ஒருமுறை புதிதாக வந்த சின்ன கிராணி ஒரு கடிதத்தில் அவரை ‘இங்கிலீஷ் துரை’ என்று எழுதிவிட்டாராம். துரை சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் ‘ஸ்காட்’ என்று எழுதி, கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பினார் என்று அப்பா சொல்வார். வேலைச் சம்பளம் லண்டன் கம்பெனியிலிருந்து. நவம்பர் 30 வந்தால் மட்டும் பாவாடை மாதிரி கில்ட் கட்டிக்கொண்டு கிளப்புக்குப் போவார். புனித ஆண்ட்ரூ திருநாள். உலகின் முதல் சர்வதேசக் காற்பந்து ஆட்டம் கிளாஸ்கோவில் 1872இல் அதே நவம்பர் 30இல்தான் நடந்தது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின, கோல் எதுவும் விழவில்லை.

பினாங்கு, ஆயர் ஈத்தாம் வாசகர்: அண்ணே, நான் ஹாக்கி ஆள். 2017இல் ஈப்போ அஸ்லான் ஷா கிண்ணத்தைக் கிரேட் பிரிட்டன் வென்றது. அடுத்த வருஷம் அதே கிண்ணத்துக்கு இங்கிலாந்து என்று வந்தார்கள். ஹாக்கியில் சட்டையை மாற்றி மாற்றிப் போட முடிகிறதே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. ஹாக்கியில் ஒலிம்பிக் தங்கத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. 2016 ரியோவில் பிரிட்டன் பெண்கள் தங்கம் வாங்கியதைப் பார்த்த பிறகு யார் தனியாகப் போவான்? காற்பந்தில் உச்சி உலகக் கிண்ணம். ஆண்கள் ஒலிம்பிக் 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. மூத்தவர்கள் மூன்று பேருக்கு மட்டும் இடம். கிடைப்பது சின்னது, பணயம் வைப்பது பெரியது. ஹாக்கியில் அந்த நாலு ஓட்டுத் தலைவலியும் கிடையாது.

காஜாங் வாசகி (மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள்): பெண்கள் அணிக்கு மட்டும் பிரிட்டன் ஒத்துவருகிறதே, ஏன்?

பெண்கள் ஒலிம்பிக்கில் வயது வரம்பு இல்லை. உலகின் முதல்தர ஆட்டக்காரிகள் அத்தனை பேரும் வருவார்கள். 2012இல் வெம்ப்ளியில் பிரேசிலை 1-0 என்று சாய்த்தபோது 70,000 பேருக்கு மேல் கூடினார்கள். அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் மகளிடம் 2023 டிசம்பர் கதையைச் சொல்லுங்கள். பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிரிட்டன் சார்பில் தகுதிபெறும் பொறுப்பு இங்கிலாந்திடம் இருந்தது. அதற்கு ஐரோப்பிய அணிகள் மோதும் நேஷன்ஸ் லீக்கில் இங்கிலாந்து தன் பிரிவில் முதலிடம் பிடிக்க வேண்டும். கடைசி ஆட்டம் யாரோடு? ஸ்காட்லாந்தோடு, அதுவும் கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்கில்! இங்கிலாந்து நிறைய கோல் போட்டால் ஸ்காட்லாந்துப் பெண்களில் சிலருக்கும் பாரிஸ் டிக்கெட் கிடைக்கலாம். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் யோசித்தானோ! வேண்டுமென்றே விடுவார்களா என்ற பேச்சு கிளம்பியதும் ஸ்காட்லாந்து முகாம் அதை அவமானமாக எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து 6-0 என்று ஜெயித்தது. அதே நேரத்தில் நெதர்லாந்து பெல்ஜியத்துக்கு எதிராக 90 நிமிடம் தாண்டிய காய நேரத்தில் இரண்டு கோல் அடித்து, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போனது. பிரிட்டன் பாரிஸுக்குப் போகவில்லை. 6 கோல் வாங்கியும் ஸ்காட்லாந்துக்கு டிக்கெட் இல்லை.

கோத்தா கினபாலுவில் வேலை பார்க்கும் வாசகர்: இதையெல்லாம் படித்தால் சபாவும் தனி அணி கேட்கலாமே என்று தோன்றுகிறது.

வட போர்னியோ என்ற பெயரில் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்குத் தனியாக இருவர் போயிருக்கிறார்கள். மும்முறைத் தாண்டலுக்கு. 1963இல் மலேசியா அமைந்ததோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. நாம் ஆரம்பத்திலேயே ஒரே சங்கமாக ஃபிஃபாவில் நிற்கிறோம், இழக்க நாலு ஓட்டு இல்லை. ஊர்ப்பற்றைக் கொட்ட மலேசியக் கிண்ணம் இருக்கிறது. வேறு நாடான சிங்கப்பூரே பல வருஷம் அதில் ஆடியது! 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்றோம். வெற்றிக் கோல் சபாவின் ஜேம்ஸ் வோங் போட்டது, கோல் காவலில் நம் ஆர். ஆறுமுகம். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்த விவகாரத்தால் அந்த ஒலிம்பிக்குக்கு நாம் போகவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல். அன்று அரங்கில் யாரும் ஆறுமுகத்தை எந்த மாநிலம் என்று கேட்கவில்லை. அதற்காக ஸ்காட்லாந்துக்காரனும் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் சட்டம் போட மாட்டேன். அவன் 1873 முதல் தனிக் குடித்தனம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: நழுவாமல் சொல்லுங்கள், நீங்கள் எந்தப் பக்கம்?

ஆண்கள் நாலாகவே இருக்கட்டும். பெண்கள் சேர்ந்து போகட்டும், ஆனால் 2023 மாதிரி ஒருவர் தோல்வியில் அவருக்கே லாபம் வைக்கும் ஏற்பாடு இனி வேண்டாம்.

செந்தூல் வாசகர்: வட அயர்லாந்தின் ஜார்ஜ் பெஸ்ட், ஸ்காட்லாந்தின் கென்னி டால்கிலீஷ், வேல்ஸின் கேரத் பேல் எல்லாரும் ஒரே சட்டையில் என்றால் உலகமே நடுங்கியிருக்காதா, வாத்தியாரே?

மாமாக் கடையில் இந்த அணியைக் கட்டாத ராத்திரி இல்லை. இடையில் விலகியிருந்த நாலு சங்கமும் ஃபிஃபாவுக்குத் திரும்பிய சந்தோஷத்தில், 1947இல் ஹாம்ப்டன் பார்க்கில் பிரிட்டன் ஒருமுறை சேர்ந்து ஆடி, மற்ற ஐரோப்பாவின் நட்சத்திரங்களை 6-1 என்று நொறுக்கியது உண்மைதான். அஞ்சே வருஷத்தில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லாத பிரிட்டன் அணி 5-3 என்று தோற்றது. யாரிடம் தெரியுமா? லக்ஸம்பர்க்கிடம்.