வாசகர் கேள்வி–பதில்: வேலூர் மாநகருக்கு எப்படிப்பட்ட போக்குவரத்து வேண்டும்?

வேலூர் நகரப் போக்குவரத்து குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம். பலர் ஒரே பொருளைக் கேட்டிருந்தால், அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கிறிஸ்டியான்பேட்டையிலிருந்து நாள்தோறும் தொரப்பாடிக்கு வேலைக்குச் செல்கிறேன். காட்பாடி ரயில்வே மேம்பாலம், பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் ஆகிய மூன்றையும் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விடுகிறது. இன்னொரு பாலம் கட்டிச் சாலையையும் அகலப்படுத்தினால் நெரிசல் தீருமா? வளரும் நகரத்துக்குச் சமச்சீரான போக்குவரத்துத் திட்டம் தேவை என்கிறார்களே, அதில் என்னதான் இருக்கும்?
– கிறிஸ்டியான்பேட்டை வாசகர்

பதில்: தங்கள் பயணம் இவ்வளவு கடினமாக இருப்பதற்கு முதற்காரணம் ஊரின் அமைப்பு. வடக்கே பாலாறு, கிழக்கே மலைகள், நடுவே தேசிய நெடுஞ்சாலை 48 என்று மூன்றுக்கும் இடையில் ஊர் நீளவாக்கில் வளர்ந்திருக்கிறது. 2008இல் மாநகராட்சியாகி, பின்னர் காட்பாடி, சத்துவாச்சாரி, தாராபடவேடு முதலிய பகுதிகளையும் சேர்த்துக்கொண்ட பிறகு 60 வார்டுகள் கொண்ட பெருநகராகிவிட்டது. ஆனால் மக்கள் சென்று சேர வேண்டிய இடங்கள் ஊரின் வெவ்வேறு முனைகளில் கிடக்கின்றன. சி.எம்.சி. மருத்துவமனை தோட்டப்பாளையத்தில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியில் இருக்கிறது. ரயில் சந்திப்பும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கின்றன. சி.எம்.சி.யின் மருத்துவக் கல்லூரி வளாகம் தெற்கே பாகாயத்தில் இருக்கிறது. ஆகவே படிக்கவும் பிழைக்கவும் வைத்தியம் பார்க்கவும் செல்கிறவர்களில் மிகப் பலர் ஆற்றையும் நெடுஞ்சாலையையும் குறுக்கே கடந்தே தீர வேண்டியிருக்கிறது. 2022இல் ரயில்வே மேம்பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோது, இந்த ஊர் எத்தனை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அனைவரும் நேரில் கண்டோம்.

எனவே, ஆற்றைக் கடக்க மாற்று வழி வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஒரு பாலம் முடங்கினால் ஊரே முடங்கும் நிலை எந்த நகரத்துக்கும் நல்லதன்று. ஆயினும் அதனால் நெரிசல் தீர்ந்துவிடும் என்று சொல்ல இயலவில்லை. மதகைப் பெரிதாக்காமல் வாய்க்காலை மட்டும் வெட்டி அகலப்படுத்தினால் தண்ணீர் கூடுதலாகப் பாயாது; அதுபோலப் புதிய பாலத்தில் விரைந்து வரும் வண்டிகளும் கிரீன் சர்க்கிளிலோ மக்கான் சந்திப்பு அருகிலோ வந்து நிற்கத்தான் வேண்டும். அகலமான சாலை சில காலம் காலியாக இருக்கும். அதைக் கண்டு, அதுவரை பேருந்தில் சென்றவர்களும் நேரம் மாற்றிச் சென்றவர்களும் சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு அதே வேளையில் அதே வழியில் வருவார்கள். நெரிசல் நேரத்தின் இந்த இயல்பை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1962இலேயே விளக்கியிருக்கிறார்.

சாலையில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை மனிதர்கள் கடக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தெரியும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் நகரச் சாலைகளுக்காக வகுத்த அளவீட்டில், ஒரு கார் அடைக்கும் இடத்தை 1 என்று கொண்டால் இரு சக்கர வாகனத்துக்கு 0.5 முதல் 0.75 வரை, ஆட்டோவுக்கு 1.2 முதல் 2 வரை, பேருந்துக்கு 2.2 முதல் 3.7 வரை மதிப்புத் தரப்பட்டுள்ளது. 60 பேர் ஒரு நகரப் பேருந்தில் ஆற்றைக் கடந்தால் அவர்கள் ஏறத்தாழ நான்கு கார்களின் இடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. அதே 60 பேர் 40 இரு சக்கர வாகனங்களில் கடந்தால் 20 முதல் 30 கார்களுக்கான இடம் வேண்டும். தனித்தனிக் காரில் சென்றால் 60 கார்களின் இடம் வேண்டும். பாலத்தின் அகலம் மாறவில்லை. அதன் வழியே செல்லும் முறைதான் மாறுகிறது. வாகனங்களைவிட மக்களின் பயணத்துக்கே முதன்மை தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வலியுறுத்துவதும் இந்தக் கணக்கின் அடிப்படையில்தான்.

சமச்சீரான திட்டம் என்றால் கார், பேருந்து, சைக்கிள், நடை என ஒவ்வொன்றுக்கும் சம அளவு பணம் ஒதுக்குவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. ஒவ்வொரு பயணமும் அதன் தொலைவுக்கும் தேவைக்கும் ஏற்ற முறையில் நடைபெறுமாறு இடத்தையும் பணத்தையும் பகிர்வதே திட்டம். ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவை நடந்தே கடக்க முடிய வேண்டும். அதற்கு நிழலுள்ள நடைபாதை வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குச் சைக்கிளோ ஷேர் ஆட்டோவோ போதும். பாகாயம் முதல் காட்பாடி வரையிலான நெடும் பயணத்துக்குப் பேருந்துதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் செல்லும் லாரிகளுக்கு நகருக்குள் ஒரு வேலையும் இல்லை. அவற்றுக்குப் புறவழிச் சாலை வேண்டும். புறவழிச் சாலை இந்தக் கடந்து செல்லும் வண்டிகளை விலக்குமே தவிர, ஊருக்குள்ளேயே தொடங்கி ஊருக்குள்ளேயே முடியும் பயணங்களைக் குறைக்காது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பாலாற்றைக் கடக்கும் தனிப்பாதை ஒன்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. காட்பாடியிலிருந்து வேலூர் டவுன், வேலூர் கண்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் செல்லும் ரயில் பாதையைத்தான் சொல்கிறேன். சென்னைக் கடற்கரையிலிருந்து கண்டோன்மென்ட் வரை வந்த ரயில் 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை செல்கிறது. இது ஒற்றைப் பாதை என்பதால் நினைத்த நேரத்துக்கெல்லாம் ரயில் விட முடியாது. ஆனாலும் காலையிலும் மாலையிலும் சில குறுந்தொலைவு ரயில்களை இயக்கி, கண்டோன்மென்ட் நிலைய வாசலில் அவற்றின் நேரத்துக்கு ஒத்த நகரப் பேருந்துகளை நிறுத்தினால், தங்களைப் போன்றவர்களுக்கு மூன்று நெரிசல்களையும் தவிர்க்கும் வழி கிடைக்கும். புதிய பாலத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய முயற்சி. இதை யாரும் உரத்துக் கேட்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

கேள்வி: பாகாயம்–காட்பாடி வழித்தடத்தில் 1, 2 எண் பேருந்துகளில் கல்லூரிக்குச் செல்கிறேன். மகளிருக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் நெடுநேரம் காத்திருந்த பிறகு இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் பேருந்தில் ஏறவே இடமில்லை. கூடுதல் பேருந்து விட்டால் சரியாகிவிடுமா?
– கல்லூரி மாணவி, பாகாயம்

பதில்: கூடுதல் பேருந்துகள் தேவைதான், அம்மா. ஆனால் அவை நெரிசலில் சிக்கினால் பயன் கிட்டாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேருந்து போய்த் திரும்ப 100 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட 10 பேருந்துகள் போதும். நெரிசலால் அதே சுற்று 150 நிமிடமாக நீண்டால், அதே 10 நிமிட இடைவெளிக்கு 15 பேருந்துகள் வேண்டும். ஐந்து பேருந்துகளும் அவற்றுக்கான ஓட்டுநர், நடத்துநர், டீசல் அனைத்தும் நெரிசலுக்கே இரையாகின்றன. பயணிகளுக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாவதில்லை.

இரண்டு பேருந்துகள் சேர்ந்து வருவதற்கும் காரணம் இதுவே. முன்னால் செல்லும் பேருந்து ஓரிடத்தில் தாமதித்தால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் கூட்டம் சேர்கிறது. அவர்கள் ஏறும்வரை மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் பேருந்து கூட்டமில்லாமல் விரைந்து வந்து அதை எட்டிவிடுகிறது. இதைச் சரிசெய்ய வழித்தடம் முழுவதும் தனிப்பாதை போட வேண்டியதில்லை, அதற்கு நம் சாலைகளில் இடமும் இல்லை. சிக்னலை நெருங்கும் கடைசி நூறு இருநூறு மீட்டர் தொலைவைக் காலை, மாலை வேளைகளில் பேருந்துக்கு ஒதுக்கலாம். நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் ஆட்டோவும் காரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். தாழ்தளப் பேருந்துகளை விட்டால் முதியோரும் நோயாளிகளும் விரைவாக ஏறி இறங்குவார்கள். காட்பாடியில் வந்திறங்கி, பையும் மருத்துவக் கோப்புமாகத் தோட்டப்பாளையம் செல்லும் வெளிமாநில மக்கள் நிறைந்த வழித்தடத்தில் இது இன்றியமையாதது. அவர்களுக்காகப் பேருந்தின் நெற்றியில் வழித்தட எண்ணோடு இந்தியிலும் வங்காளத்திலும் ஊர்ப்பெயரைச் சேர்த்து எழுதினாலும் தவறில்லை.

2021 மே மாதத்தில் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம், வீட்டிலிருந்த எத்தனையோ பெண்களை வேலைக்கும் படிப்புக்கும் வெளியே வர வைத்திருக்கிறது. அவர்களைக் கால்கடுக்க வெயிலில் நிறுத்தி வைப்பது அந்தத் திட்டத்தின் நோக்கத்தையே குலைத்துவிடும்.

கேள்வி: பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். நெரிசலுக்கு எங்களைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். திட்டம் போடுகிறவர்கள் எங்களை ஊரைவிட்டே துரத்திவிடுவார்களா?
– ஷேர் ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

பதில்: துரத்தக் கூடாது என்பதே எங்கள் கருத்து. பேருந்து நுழைய முடியாத தெருக்களுக்கும் பேருந்து வராத வேளைகளுக்கும் தாங்கள்தான் வண்டி ஓட்டுகிறீர்கள். ஆனால் பேருந்து செல்லும் அதே சாலையில், அதே நிறுத்தத்தில், அதே பயணிக்காகப் போட்டி போடும்போதுதான் இரு தரப்புக்கும் நட்டம் உண்டாகிறது. அரியூர், கொணவட்டம், காகிதப்பட்டறை போன்ற பகுதிகளின் உட்தெருக்களிலிருந்து முதன்மைச் சாலை வரை பயணிகளைக் கொண்டுவந்து பேருந்தில் சேர்க்கும் வேலையை முறையான அனுமதியோடும் நிலையான கட்டணத்தோடும் தங்களுக்குத் தந்தால் வருமானமும் உறுதிப்படும். திட்டம் எழுதுவதற்கு முன் தங்கள் சங்கங்களை அழைத்துப் பேச வேண்டும். எந்த நேரத்தில் எங்கிருந்து எங்கே ஆட்கள் போகிறார்கள் என்பதை ஓட்டுநர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

கேள்வி: லாங்கு பஜாரில் கடை வைத்திருக்கிறேன். நடைபாதையை அகலப்படுத்தி வண்டி நிறுத்தத் தடை விதித்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சுகிறோம். நடைபாதைக் கடைக்காரர்களும் அதே அச்சத்தில் இருக்கிறார்கள்.
– வணிகர், லாங்கு பஜார்

பதில்: தங்கள் அச்சத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எனினும் தங்கள் கடை வாசலில் காலை முதல் இரவு வரை நிற்கும் வண்டிகள் யாருடையவை என்று ஒரு வாரம் கவனித்துப் பார்க்க வேண்டுகிறோம். பல கடைத்தெருக்களில் அவை கடைக்காரர்களுடையவையாகவும் ஊழியர்களுடையவையாகவும் இருக்கின்றன. திறந்த வெளியில் ஒரு கார் நின்று திரும்ப 23 சதுர மீட்டர் வேண்டும் என்பது திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. அந்த இடத்தில் எத்தனை வாடிக்கையாளர்கள் நடந்து வந்து நிற்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் அரை மணிக்குக் குறைந்த கட்டணமும் அதன்பின் ஏறும் கட்டணமும் வைத்தால் வாங்க வருபவருக்கு எப்போதும் இடம் கிடைக்கும். சரக்கு லாரிகளை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்றலாம்.

நடைபாதைக்கு, எந்தத் தடையும் இல்லாத 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்றும், அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை கூறுகிறது. நம் ஊரில் பல இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி வைத்து, ஏற முடியாமல் மக்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். சித்திரை வெயிலில் நிழல் இல்லாவிட்டால் அகலமான நடைபாதையும் வெறிச்சோடித்தான் கிடக்கும். ஆகவே வேம்பும் புங்கமும் இந்தத் திட்டத்தில் தெருவிளக்கைப் போலவே கட்டாயம் இடம்பெற வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தெருவோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களுக்கான இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட்டால், ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்பு நடக்கும் அப்புறப்படுத்தலுக்குத் தேவையிராது.

கேள்வி: வேலூருக்கு மெட்ரோ ரயில் வருமா?
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: 2011 கணக்கெடுப்பின்படி வேலூர் நகரத் தொகுப்பின் மக்கள்தொகை 5 லட்சத்தைத் தொடவில்லை. மெட்ரோவுக்கு மிகப் பெரிய பயணிகள் கூட்டம் வேண்டும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையும் முதலில் முழுமையான போக்குவரத்துத் திட்டத்தைத் தயாரித்து, பேருந்து உள்ளிட்ட மாற்று வழிகளோடு ஒப்பிட்ட பிறகே மெட்ரோவைக் கேட்கச் சொல்கிறது. இப்போதைக்கு நல்ல பேருந்துகளைக் கேட்பதே நல்லது.

கேள்வி: இவற்றையெல்லாம் நாங்கள் யாரிடம் சொல்வது?
– வேலப்பாடி வாசகி

பதில்: நகர்ப்புறங்களில் வார்டு குழுக்களும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் அமைக்க 2022இல் விதிகள் வந்துள்ளன. தங்கள் பகுதி சபை கூடும்போது, உடைந்த நடைபாதை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது, எந்த நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை, எந்த நேரத்தில் பேருந்து வருவதே இல்லை என்பதை எழுதிக் கொடுத்து, அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். நகர வளர்ச்சிக்கான முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வரையப்பட்டுப் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்படும்போது, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி எழுத்து மூலம் ஆட்சேபமும் ஆலோசனையும் தெரிவிக்கலாம். அத்தகைய மனுவில் புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி தரும் முன் அங்கே பேருந்து செல்லும் அகலத்தில் சாலை உண்டா என்று கேளுங்கள். வீடுகள் எழும்பிய பிறகு அந்த அகலம் என்றைக்கும் கிடைக்காது.